ஃபிராவ் நோவாக்கின் பூசணிக்காய்

நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது ஒரு கஸ்டானியன் விதை நேராக என் தலையில் விழுந்தது. முடி அடர்த்தியாக இருந்த காலத்தில் விழுந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை எடுத்துப் பைக்குள் போட்டேன். தெருவோரத்து மரத்தில் காய்க்கும் இது சாப்பிட உதவாது. ஆனாலும் இலையுதிர் காலத்தில் கண்டால் பொறுக்காமல் போக என்னால் முடிவதில்லை.

அந்தப் பழக்கம் ஃபிராவ் நோவாக்கிடமிருந்து வந்தது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இன்றும் இருக்கும் வீட்டின் கீழ்த்தட்டில் தனியாக இருந்த பெண்மணி. நானும் மனைவியும் வேலைக்குப் போகும் நேரங்களில் எங்கள் மூன்று வயது மகளை அவர்தான் பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் பூங்காவில் கஸ்டானியன் பொறுக்கி வந்து, தீக்குச்சி குத்தி ஆடும் மாடும் செய்வார்கள். எங்கள் ஜன்னல் விளிம்பு முழுக்க அந்த மந்தைதான். மனைவி அவருடன் நன்றாகக் கதைப்பாள். என்னுடைய டொச் மொழி ஒரு உணவகத்துச் சமையலறையில் பழகியது. கோப்பை கழுவ மட்டும் போதும்.

அந்த ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினோம். ஓட்ட முதல், கண் படாமலிருக்கப் பூசணிக்காய் உடைத்து நாவூறு கழிக்க வேண்டும். அதற்கான வெள்ளை நீத்துப்பூசணி அப்போது இந்தப் பக்கம் கிடைக்காது. "எந்தப் பூசணியெண்டாலும் பரவாயில்லையப்பா, நான் பாக்கிறன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனபின் கதவைத் திறந்தால், வாசலில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பூசணிக்காய். கெட்டிக்காரி, வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். கற்பூரம் கொளுத்தி, மூன்று தரம் காரைச் சுற்றி, ஓங்கித் தெருவில் அடித்தேன். நன்றாகச் சிதறியது. நிமிர்ந்தால் கீழ்வீட்டு ஜன்னலில் ஃபிராவ் நோவாக். திரைச்சீலையை இழுத்து மூடினார்.

மத்தியானம் மனைவி வந்தபிறகுதான் விளங்கியது.

"நான் எங்கை வாங்கினனான்? ஐயோ, அது மனிசி தன்ரை தோட்டத்திலை வளத்தது. பின்னேரம் பிள்ளையோடை சேர்ந்து வினாகிரியிலை ஊறப்போடுவம் எண்டு சொன்னவ."

"எனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் ஆரோடை கதைக்கிறனீங்கள், உங்களுக்கு வந்து சொல்ல? திங்கக்கிழமை பிள்ளையை ஆர் பாக்கிறது? நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் வரமாட்டன்."

பதினெட்டுப் படி இறங்க அரை மணி நேரம் பிடித்தது. கதவு திறந்ததும், கார், கூடாத கண், பூசணி என்று எனக்குத் தெரிந்த டொச்சையெல்லாம் கொட்டினேன். உடைப்பதைக் கையால் செய்தும் காட்டினேன். அவர் முகம் இளகவில்லை.

"நல்லது நடக்கவோ உடைச்சது?"

"யா" என்றேன்.

தங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் வாசலில் கோப்பை தட்டுகளைப் போட்டு உடைப்பார்களாம். உடைந்ததை மாப்பிள்ளையும் பெண்ணும்தான் கூட்டி அள்ள வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஒரு தும்புத்தடியை என் கையில் தந்தார். நான் தெருவைக் கூட்டினேன். "அங்கை ஒரு விதை கிடக்கு" என்று அவர் பக்கத்தில் நின்று காட்டினார். நல்ல துண்டுகளைத் தானே பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பின்னேரம் அவருடைய குசினியில் வினாகிரியும் சீனியும் கராம்பும் கறுவாவும் சேர்ந்து கொதித்தன. மகள் கதிரையில் ஏறி நின்று துண்டுகளைப் போட்டாள். ஆறியதும் ஆளுக்கொரு கோப்பை வந்தது. நாவூறு கழித்த பூசணியை நாங்கள் வீட்டுக்குள் எடுப்பதே இல்லை, பிறகல்லவா சாப்பிடுவது. மனைவி சிரித்த முகத்தோடு தமிழில், "தின்னுங்கோ, உங்கடை கார்தானே" என்றாள். தின்றேன். அவளும் தின்றாள். மகள் இன்னொரு தரம் கேட்டாள்.

திங்கட்கிழமை மகள் வழக்கம்போல் கீழே போனாள். கார் இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. நாவூறைத் தின்றதால்தான் என்று மனைவிக்கு இன்றும் சந்தேகம். அடுத்த காருக்கும் அதற்கடுத்த காருக்கும் ஃபிராவ் நோவாக் இரண்டு பூசணிக்காய் கொண்டு வந்தார். "இது உடைக்க, இது தின்ன" என்று எனக்கு மட்டும் தனியாக விளக்குவார்.

அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவருடைய தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வாகனத் தரிப்பிடம். மகள் எர்லாங்கனில் வேலை செய்கிறாள். மனைவி இரண்டு தரம் அந்த ஊறலைச் செய்து பார்த்தாள், புளிப்புக் கூடிவிட்டது. அளவை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. கீழ்வீட்டில் ஒரு இளம் சோடி குடியிருக்கிறது. போன மாதம் புதுக் கார் வாங்கினார்கள். ஒன்றையும் உடைக்காமலே ஏறி ஓட்டிக்கொண்டு போனார்கள்.