சாத்துக்குட்டியின் வாய்

ஒதேனேட்டன் என் தையல் கடைக்குள் நுழைந்தால் முதலில் என் தாடியைத்தான் வம்புக்கு இழுப்பார். அன்று மத்தியானம் அதைக் கண்டுகொள்ளாமல் வந்து, துணி வெட்டும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஏணியில் நின்று போர்டு எழுதும்போது ஒரே இழுப்பில் ஆறடிக் கோடு போடுகிற கை அது.

"பவித்ரா, பெட்டியில அது இல்லடா."

"எது?"

"பென்சில் படம்."

மிஷின் மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. "நல்லாத் தேடினீங்களா?"

"பெட்டியே காலி. தினேசன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்."

எங்கள் பாலோட்டுக்கடவு வாசகசாலைக்கு அது எழுபத்தைந்தாவது வருடம். விழாவோடு விழாவாக, ஒதேனேட்டனின் ஐம்பது வருட வேலையையும் கண்காட்சியாக வைத்துவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு. இதே கமிட்டிதான், நாடகத் திரையை நேரத்துக்குத் தரமாட்டார் என்று வருடாவருடம் அவரைத் திட்டித் தீர்த்தது. இப்போது திடீரென்று ஊரின் சொந்தக் கலைஞன் ஆகிவிட்டார். செயலாளர் தினேசன் ஆட்டோவில் வந்து போர்டுகளையும் திரைகளையும் முகப்படங்களையும் ஏற்றிப் போனான். யாரும் கொடுக்கச் சொல்லாத அந்தத் தகரப் பெட்டியில் இருந்ததையும் சேர்த்துத்தான்.

ஒதேனேட்டன் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் முகத்தைப் பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. சாயாக்கடையிலோ முடி வெட்டும் கடையிலோ அவரிடம் மாட்டியவன் எவனும் அதைக் கேட்காமல் எழுந்து போனதில்லை.

"கண்ணு பொறக்கும்போதே வந்தது, அதுல அவன் பங்கு ஒண்ணும் கிடையாது. வாய் அவனவன் செஞ்சுக்கிறது. பொய் சொன்னது, பசிச்சுக் கிடந்தது, சொல்லாம முழுங்கினது எல்லாம் வந்து தங்குற இடம் அதான். மத்ததெல்லாம் சரியா வரைஞ்சு வாயைத் தப்பா வரைஞ்சா, அது வேற ஆளு."

அழைப்பிதழில் இதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். எனக்கு வந்த அழைப்பிதழை மேஜை டிராயரில் கவிழ்த்து வைத்தேன்.

காரணம் சாத்துக்குட்டி. அவன் பீடிக் கம்பெனியில் பேப்பர் வாசிப்பவன். நாங்கள் நாற்பது பேர் இலை சுருட்டிக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து உலகச் செய்தியெல்லாம் உரக்க வாசிப்பான். கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்த பதினோராம் நாள், முதலாளியின் ஆட்கள் அவனைப் படகுத்துறையில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். இருபத்து மூன்று வயது. ஊர்வலத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்று ஒதேனேட்டனிடம் ஆள் வந்தது. அவன் வீட்டில் தேடியும் கிடைத்தது ஒரே போட்டோ, வாசகசாலை நாடகக் குழு சேர்ந்து எடுத்தது. பின்வரிசையில் சாத்துக்குட்டி நிற்கிறான். மூக்குக்குக் கீழே முன்வரிசைக்காரனின் தலை மறைக்கிறது. அந்தத் தலை என்னுடையது.

"உன் மண்டைதானடா மறைச்சது, உன் வாயையே குடு" என்று என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார் ஒதேனேட்டன். அவருக்கு அப்போது இருபத்தைந்து, எனக்குப் பத்தொன்பது. நினைவிலிருந்து வரையப் பார்த்தால் அவருக்கு வெட்டுப்பட்ட முகம்தான் வந்தது. அழுதுகொண்டேதான் வரைந்தார். நானும் அழுதேன். "அழாதடா, வாய் கோணுது" என்று அதற்கும் அதட்டு வாங்கினேன்.

அந்தப் படம் ஊர்வலத்தில் போனது. பிறகு சுவரில், மேடையில், சட்டையில் குத்தும் பேட்ஜில் வந்தது. இப்போது ஃப்ளெக்ஸிலும் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை, அவன் செத்த நாளில், ஊர் முழுக்க என் வாய் தொங்கும். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அந்த வருடமே தாடி வளர்த்தேன். சாமியார் என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இது சில்லறைப் பயம் இல்லை. எங்கள் ஊரில் தியாகியின் படத்தை ஒருவன் தெரியாமல் கிழித்தாலே இரண்டு நாள் கடை திறக்காது. படமே வேறு ஆளுடையது என்றால், அதைச் செய்தவனை என்ன செய்வார்கள்? அடிப்பார்களோ மாட்டார்களோ, ஐம்பது வருடம் அவர் சொன்னதும் வரைந்ததும் ஒரே காலையில் புழுதியாகிவிடும்.

அந்த வாய் என்னுடையது என்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பென்சில் படம். ஒதேனேட்டன் முகம் வரையும்போது எதை எங்கிருந்து எடுத்தார் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். அதில் இப்படி இருந்தது: கண், நெற்றி — குரூப் போட்டோ. காது — அக்காவினுடையது. வாய் — பவித்ரன்.

கிழித்துப் போடுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "செஞ்ச வேலையைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்று வீறாப்பாகச் சொல்வார். அந்த வீறாப்பு இப்போது எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் வந்து நின்றது.

வாசகசாலைக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், நேர் எதிர்ச் சுவரின் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அது. தினேசன் மைக் செட்டு எடுக்கக் கண்ணூருக்குப் போயிருந்தான். ஒதேனேட்டன் போனில் அவனைப் பிடித்தார்.

"அது வேண்டாம் தினேசா. அது சும்மா பெரிசாக்கக் கட்டம் போட்ட கணக்குப் படம்."

"அதான் ஒதேனேட்டா விசேஷமே. சாத்துக்குட்டியேட்டனோட முதல் படம். நாளைக்குச் சிருதேச்சியை அது முன்னாலதான் விளக்கேத்தச் சொல்லியிருக்கேன்."

சிருதேச்சி என்றால் சிருதை, சாத்துக்குட்டியின் அக்கா. ஒதேனேட்டன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. ஒதேனேட்டன் வேட்டியைத் துவைத்துக் கட்டியிருந்தார். நான் சுவரோரமாக, வாசல் பக்கம் நின்றேன். ஓட வேண்டி வந்தால் வழி இருக்கட்டும் என்றுதான். ஜனங்கள் படத்துக்குப் படம் நின்று சிரித்தார்கள், தங்கள் கடை போர்டைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். பென்சில் படத்தின் முன்னால் மட்டும் சத்தம் தணிந்தது. பொடி எழுத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்தால்தான் தெரியும்.

சிருதேச்சிக்கு எழுபத்து மூன்று வயது, தடித்த கண்ணாடி. எதையும் மூக்கு முட்டத்தான் பார்ப்பார். விளக்கேற்றிவிட்டுப் படத்தருகே போனவர் குனிந்தார். பீடி சுருட்டிய காலத்தில் தம்பிதான் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தான். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துத்தான் வாசிப்பார். அந்த உதட்டில் என் பெயர் வந்ததைப் பார்த்தேன். வாசலைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். தினேசனிடம், "கொஞ்சம் மூச்சு வாங்குது, பேப்பர் ரூம்ல உக்காந்துட்டு வரேன்" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "வாங்க ரெண்டு பேரும்."

உள்ளே போனதும், "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"சிருதேச்சி, நான் வந்து..." என்று தொடங்கினார் ஒதேனேட்டன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? ஊர்வலம் எங்க வீட்டு முன்னால நின்னப்போ அம்மா படத்தைப் பாத்துட்டு, இது யாருடின்னு கேட்டாங்க. நான் அம்மா வாயைப் பொத்தினேன்."

"ஏன் சேச்சி?" என்றேன் நான்.

"ஊரே அழுதுட்டு நிக்குது. இது அவன் இல்லன்னு சொல்லவா முடியும்? அப்புறம் நீ தாடி வச்சே. புரிஞ்சுக்கிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. ஒரு நிமிடம்தான்.

"அதுக்காகக் கூப்பிடல" என்றார் சிருதேச்சி. "இத்தனை வருஷம் இந்தப் படத்தையே பாத்துப் பாத்து, இப்போ கண்ணை மூடினா இந்த வாய்தான் வருது. அவனோடது வர மாட்டேங்குது. எப்போ போச்சுன்னே தெரியல. அவனுக்கு முன்பல் ஒண்ணு உடைஞ்சிருக்கும்ல, அது இடதா வலதா?"

"இடது" என்றேன். அதே மூச்சில் "வலது" என்றார் ஒதேனேட்டன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தினமும் எட்டு மணி நேரம் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு பீடி சுருட்டியவன் நான். குரல் கேட்கிறது. வாய் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நீ வரை ஒதேனா. முகத்தை மறக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. எனக்கு அவன் வாயை மட்டும் வரைஞ்சு குடு."

ஒதேனேட்டன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அழைப்பிதழைத் திருப்பினார். கண்ணை மூடினார், திறந்தார். கோடு தயங்காமல் விழுந்தது. பார்த்தேன். பத்தொன்பது வயதில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுத என் வாய்.

அவர் அதைக் கிழித்தார். நான் பார்க்க அவர் கிழித்த முதல் படம் அதுதான். இன்னொரு தாளில் போட்டார், மறுபடி என் வாய். மூன்றாவது தாளில் பென்சில் நகரவில்லை.

"என் கைக்கு இது ஒண்ணுதான் தெரியுது சேச்சி" என்று சொல்லிவிட்டு, எழுபத்தொரு வயது மனிதர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. "ஒதேனேட்டா, ஏற்புரை பேசணும். எல்லாரும் காத்திருக்காங்க" என்றான் தினேசன்.

சிருதேச்சி எழுந்தார். என் அருகே வந்து நின்று முகத்தையே பார்த்தார். முட்டாள்தனமாக, "சேச்சி, ஒளிச்சது போதும். வேணும்னா தாடியை எடுத்துடறேன், நீங்க பாருங்க" என்றேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுத்துராதடா. அறுபத்தஞ்சு வயசு வாயை நான் பாத்துட்டா, கண்ணை மூடினா வர்ற முகமும் போயிரும். எனக்குப் பயமா இருக்கு."