ரேணுகாவின் இடது கை

நம் ஆலை கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றபோது, காவேரிப்பட்டினத்திலிருந்து ரேணுகாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க," என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, அவள் வழக்கமாக வண்டியை நிறுத்தும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாகிற வயதா அது? அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவளுடைய பழைய சிவப்புக் காரை நம் கியர் பிரிவில் யார் மறந்திருப்பீர்கள்? பார்வைக்குச் சந்தைக்குக் காய் வாங்கப் போகிற குட்டி வண்டி. உள்ளே இருந்ததோ முரட்டு இன்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ராயக்கோட்டைச் சாலையில் ஓட்டுவாள். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைப்பாள், இன்ஜின் உறுமும், சாத்தூரில் நான் விட்டுவந்த சாமிகளையெல்லாம் கூப்பிடுவேன். "கத்தாதீங்கக்கா, இன்ஜின் சத்தம் கேக்கல," என்று சிரிப்பாள்.

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்தபின் அவளுடைய இடது கை வீங்கிவிட்டது. கியரைத் தள்ள அதில் வலு இல்லை. வீட்டில் வண்டியை விற்கச் சொன்னார்கள். அவள் என்னைக் கூப்பிட்டாள். இன்னும் வீடுகள் எழும்பாத மனைப்பிரிவுத் தெருக்களில் அவள் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பாள். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் வலது கையால் இரண்டாவது கியரைப் போடுவேன். முதல் நாள் கடகடவென்று கியரின் பல் இடித்தது. "கியர் பண்ற ஆளு போடற கியராக்கா இது? வெளிய சொல்லிடாதீங்க," என்றாள். போகப் போக, அவள் வாய் திறக்கும் முன்பே என் கை நகர்ந்தது. கார் ஓட்டத் தெரியாத எனக்கு அதைவிடப் பெரிய பெருமை வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆனால் பெரிய சாலைக்கு அது சரிப்படாது. ஒருநாள் மின்சாரக் காரோடு வந்து நின்றாள். கியர் செய்து சம்பளம் வாங்குகிறவள் கியரே இல்லாத வண்டி வாங்கிவிட்டாள் என்று நாம் எல்லோரும் அவளை ஒரு வழி பண்ணினோம். அதிகம் பேசியது நான்தான். எனக்குக் கியர் போடும் வேலை போய்விட்ட வருத்தம்.

"இதுல உயிரே இல்லடி. இன்ஜின் சத்தத்தைக்கூட ஸ்பீக்கர்ல போடுதாம்," என்றேன்.

அவள் மழுப்பவில்லை. "பேட்டரி கனம் தெரியுதுக்கா. வளைவுல பழைய வண்டி மாதிரி துள்ள மாட்டேங்குது. நேர் ரோட்டுல மிதிச்சா மட்டும் பிச்சிக்கினு போவுது. வண்டிக்கு உயிரு இல்லன்னா போவட்டும். ஒத்தக் கையில நானே ஓட்டறனே, அது போதாதா?"

அன்று ஜூஜுவாடி வரை அவள் ஓட்டியதையும், அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். அதன்பிறகு அந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காரியம் முடிந்து தம்பி என்னை அந்தக் காரிலேயே கொண்டுவந்து விட்டார். ஏறியதும், "இன்ஜின் சத்தம் போடட்டுங்களாக்கா?" என்று கேட்டார். தனியாக ஓட்டும்போது ரேணுகா அதை நிறுத்தியே வைத்திருப்பாளாம். நான் ஏறினால் மட்டும் போடுவாளாம். "அவங்களுக்கு அது இல்லன்னா மனசு ஆறாதுடா," என்பாளாம்.

வேண்டாம் என்றேன். வண்டி சத்தமில்லாமல் நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்தது. என் வலது கை தானாகவே நடுவில் போய், தம்ளர் வைக்கிற குழியைத் தடவிக்கொண்டிருந்தது. அவளுக்கு இடது கையாக இருந்த கை அது. இனி நான் எந்தக் காரில் ஏறினாலும், "ரெண்டு" என்று அவள் சொல்வதற்காக அது காத்திருக்கும்.