இரண்டு பேர் சீட்டு

எல்ஸிக்குப் படுத்தால் ஆகாது. பாஸ்கலுக்கு உட்கார்ந்தால் ஆகாது. இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் கிடந்த புருஷன் பெண்டாட்டிக்கு இதைவிடக் கோணலான நோய்களை யாரும் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்க முடியாது.

எல்ஸிக்கு வந்தது மூச்சு இழுப்பு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் எப்போதாவது எட்டிப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தோட்டம் விலைபோய், ஈப்போ டவுனுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு அது நிரந்தரமாகவே குடிவந்துவிட்டது. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாஸ்கலுக்கு முதுகு. பஸ் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர், 1974இல் ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். மெத்தையைத் தொடவே கூடாது, பலகையில் மல்லாந்துதான் படுக்க வேண்டும், ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பலகைக் கட்டில், வீட்டில் இருந்த ஒரே அறையை அடைத்துக்கொண்டது. எல்ஸி ஒரு நாற்காலியோடு ஹாலுக்கு வந்து சேர்ந்தாள். நடுவில் மரச்சுவர்.

தூக்கம் போனதைக்கூட எல்ஸி பொறுத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து தூங்கப் போகுமுன் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவது அவர்கள் வழக்கம். அது போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கிசுகிசுவைக் கத்திச் சொல்ல முடியுமா? கத்தினால் அது தண்டோரா ஆகிவிடாதா? அதனால் நாலு வருஷமாகப் பேச்சு "வெளக்க அணைச்சாச்சா?" "ஆச்சு" என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. தன்னை யாரோ ஒதுக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பக்கம் அவர் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறார் என்ற நினைப்பு வேறு எரிச்சலைக் கிளப்பும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ரோத்தான் பிரம்பில் பின்னிய சாய்வு நாற்காலி வாங்கினாள், கழுத்து பிடித்துக்கொண்டது. ஐந்து தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து பார்த்தாள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி இழுப்பு இரண்டு மடங்கானது. சாப்பாட்டு மேசையில் தலை கவிழ்த்தாள். மேசை விரிப்பின் பூவெல்லாம் கன்னத்தில் அச்சாக விழுந்து, தொழிற்சாலையில் ஒரு வாரம் கேலி.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆலிஸ் ஒரு மத்தியானம் பலகாரத் தட்டோடு நுழைந்தாள். கோயில் மாதர் சங்கத் தலைவி. ஹாலில் தலையணையும் போர்வையும் கிடந்ததைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"எத்தன நாளா இப்பிடி தனித்தனியா?"

"நாலு வருசமாச்சுக்கா."

"மாதாவே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? குடும்பம்னா சண்ட வரத்தான்லா செய்யும்."

"சண்டயெல்லாம் இல்லக்கா. எனக்கு இழுப்பு, அவருக்கு முதுகு."

"எல்லாரும் மொதல்ல இப்பிடித்தான் ஏதாச்சும் சொல்வாங்க."

அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்க எழுந்த ஆலிஸ், "பிரிந்து வாழும் தம்பதியருக்காக" என்று நிறுத்தி, எல்ஸியை ஒரு பார்வை பார்த்தாள். பாதிக் கோயில் கூடவே திரும்பியது. பாஸ்கல் முதுகு வலி தாங்காமல் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். பெண்டாட்டி பக்கத்தில் உட்காரக்கூட மனசில்லை என்று அதையும் சேர்த்துப் பேசினார்கள். எல்ஸிக்கு வந்த கோபத்தில் இழுப்பும் சேர்ந்தே வந்தது.

அந்த வாரம் குனோங் ராப்பாட் பசாருக்கு மீன் வாங்கப் போக பஸ் ஏறினாள். கண்டக்டர் வந்து எழுப்பினார்.

"அக்கா, சிம்பாங் பூலாய் வந்துருச்சு. எங்க எறங்கணும்?"

தூங்கியிருக்கிறாள்! பசார் எப்போதோ போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸிலும் தூங்கி, பசாரைத் தாண்டி ஈப்போவுக்கே வந்துவிட்டாள். மீன் இல்லாமல் வீடு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பஸ் சீட்டுல தூக்கம் வருதுங்க," என்றாள் பாஸ்கலிடம். "நிமுந்த முதுகு, ஒரு பக்கம் சன்னலு, இன்னொரு பக்கம் ஆளு. விழ எடமே இல்ல."

மூன்றாம் நாள் கூட்டாளி ஒருவரின் வேனில் ஒரு சீட்டு வந்து இறங்கியது. பட்டறைக்குப் பின்னால் உடைக்கக் கிடந்த பழைய பஸ்ஸில் கழற்றியது. பச்சை ரெக்சின், இரண்டு பேர் உட்காரும் சீட்டு.

"ஹாலுல சன்னல் ஓரமா போட்ருவோம். காத்து வரும்," என்றார் பாஸ்கல்.

"வேணாம். ரூமுல போடுங்க."

"பலகை கெடக்கே, எடம் எங்க?"

"பாதியா வெட்டுங்க."

"நல்ல சீட்டுலா எல்ஸி! யாராச்சும் வந்தா ரெண்டு பேரு உக்காரலாம்."

"வர்றவங்களுக்கெல்லாம் இந்த வீட்டுல எடம் இருக்கு. எனக்குத்தான் ஒங்க பக்கத்துல எடம் இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்தாறு வயது. பாஸ்கல் சீட்டை அதே வேனில் திருப்பி ஏற்றச் சொன்னார்.

பாதியாகித் திரும்பி வந்த சீட்டில், வெட்டிய பக்கம் கை வைக்க ஒரு கம்பியை வெல்டிங் செய்து, துணி சுற்றியிருந்தார். அறை மூலையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் கம்பி, கம்பியை ஒட்டிப் பாஸ்கலின் தலைமாடு.

விஷயம் தெரிந்து எட்டிப் பார்த்த ஆலிஸ், "பாத்தியா! ஜெபம் வீண் போகாதுலா," என்று சங்கத்தின் பேரில் வெற்றியை எடுத்துக்கொண்டாள். எல்ஸி மறுக்கவில்லை. மறுத்தால் இன்னொரு மன்றாட்டு வரும்.

முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் சாய்ந்தார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் மாவு மூட்டைக்குள் பொய்ப்பல்லைத் தொலைத்த கதையை எல்ஸி மெதுவான குரலில் சொல்லச் சொல்ல, பாஸ்கல் சிரித்த சிரிப்பில் பலகையே ஆடியது. சிரித்து ஓய்ந்து, கூரைத் தகரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒன் இழுப்பு சத்தம் சொவத்துக்கு இந்தாண்ட கேக்கும் எல்ஸி. கேக்குற வரைக்கும் ஒண்ணும் இல்ல. திடீர்னு நின்னுரும். தூங்கிட்டியா, இல்ல வேற ஏதாச்சுமான்னு தெரியாது. எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போவேன்."

"எப்பயாச்சுமா?"

"தெனமுந்தான். ரெண்டு மூணு தடவ."

படுத்தவர் எழுந்திருக்க என்ன பாடு படுவார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு கையை ஊன்ற வேண்டும், பல்லைக் கடிக்க வேண்டும். இந்த மனுஷன் தூக்கத்தைப் பார்த்தா நாலு வருஷம் பொறாமைப்பட்டோம்? அவளுக்குத் திட்டவும் வேண்டும் போல, அழவும் வேண்டும் போல இருந்தது.

"சரி, இப்பத் தூங்குங்க," என்றாள்.

பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அயர்ந்து போகிற வரைக்கும் எல்ஸி மூச்சைக் கொஞ்சம் சத்தமாகவே விட்டுக்கொண்டிருந்தாள்.