ஆணியில் தொங்கிய மைக்

எனக்குத் திமிர் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் என் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்டால் வாயைத் திறப்பதில்லை, ஆகவே திமிர். அதற்காக இரண்டு மாதம் முட்டி போட்டேன். அப்புறம் யாருக்கோ சந்தேகம் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பது என் வீட்டாருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது எனக்கு ஆறு வயது.

ஆறு வயது வரைக்குமா பெற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் ஜலகண்டாபுரத்தில் ஒரு விசைத்தறி வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு தறி. அவை ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. தொண்டையை வீணாக்காமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்து, கையையும் கண்ணையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம். நூல் அறுந்துவிட்டது, சோறு ஆறுகிறது, கடைக்காரர் வந்திருக்கிறார், எல்லாம் அப்படித்தான். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அந்தப் பேச்சைத்தான். எல்லாருமே சத்தமில்லாமல் பேசும் வீட்டில், ஒருத்திக்கு மட்டும் காது கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

மற்றவர்கள் தறி நின்றால் குரலுக்குத் திரும்பிவிடுவார்கள். அம்மா மட்டும் என்னிடம் திரும்பவே இல்லை. தறி நின்றாலும், கோயிலுக்குப் போனாலும், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும், என் பக்கம் முகத்தைத் திருப்பினால் அவளுக்குக் குரல் நின்றுவிடும். உதடு மட்டும் பேசும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் உதட்டிலிருந்து ஒரு சொல்லைத் தவறவிட்டதில்லை நான்.

சேலத்து டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். இரண்டு தீப்பெட்டி அளவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒயரைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியது வேண்டாதது தெரியாது. பெஞ்சு இழுபடும் சத்தம், கூரையில் குருவி, பக்கத்துப் பெண்ணின் இருமல், என் சட்டையே மிஷின் மேல் உரசுவது, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துக் காதில் கொட்டும். தூரத்தில் நிற்கும் வாத்தியார் குரல் அந்தக் கூழில் எங்கேயோ கிடக்கும். வீட்டில் அதை மாட்டினால் ஆறு தறியும் என் மண்டைக்குள் ஓடும். அதனால் வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கழற்றிவிடுவேன்.

இப்படியே உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பத்தாம் வகுப்பு தேறினேன். பதினொன்றில் முதல் குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கணக்கு எனக்குப் பிடிக்கும். தாளில் இருக்கும் கணக்கு யாரிடமும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கெஞ்ச வைக்காது. ஹெட்மாஸ்டர் யோசித்தார். கடைசியில், காலாண்டுப் பரீட்சை வரைக்கும் உட்காரலாம், கணக்கில் தேறாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். என் பெரியப்பாவுக்கு அந்தக் கடைசி வரி மட்டும் பிடித்துப்போயிற்று. தறிகள் அவருக்கும் அப்பாவுக்கும் பொது. நான் வந்தால் நாலு தறி ஓட்டுவேன் என்பது அவர் கணக்கு. அப்பா தம்பி. அண்ணன் பேச்சுக்கு மேல் பேசிப் பழக்கமில்லாதவர்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டிகள் வந்தன. சேலத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மிஷின் பழுது பார்க்கப் போகும்போது அங்கே ஒரு டீச்சரம்மா பழக்கம். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்ததில் ஒரு செட்டை எனக்கு இரவல் கொடுத்தார். அதில் இரண்டு பெட்டி. ஒன்று பேசுகிறவருக்கு. சின்ன மைக்கோடு கயிற்றில் கோத்திருக்கும், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று எனக்கு, அதை என் மிஷினோடு ஒயரால் இணைக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒயரே கிடையாது. ரேடியோ போலக் காற்றிலேயே வரும். எஃப்.எம். என்று பெயர் சொன்னார். எங்கள் ஊரில் அன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உபயோகப்படுத்தாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வேன், வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

முதலில் மாட்டிக்கொண்டது தமிழம்மா. ஏதோ நகையைப் பார்ப்பதுபோல் பார்த்து, தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். பாடம் நடத்திக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்து எனக்கு முதுகைக் காட்டினார். குரல் மட்டும் போகவில்லை. என் காதருகே உட்கார்ந்து பேசுவதுபோல் அங்கேயே இருந்தது. வளையல் சத்தம் வந்தது, அவர் மூச்சு விடுவது வந்தது. குருவியும் பெஞ்சும் எங்கேயோ போய்விட்டன. ஒரு மனிதரின் முதுகு என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அந்தப் பாடத்தில் என்ன இருந்தது என்பதையே கோட்டை விட்டேன்.

அடுத்த பீரியட் கணக்கு. நான் செய்த தப்பை எங்கள் ஊர்ப் பெண் யாரும் செய்திருக்க மாட்டாள். உற்சாகத்தில் முன்னால் ஓடி, பெட்டிக் கயிற்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கணக்கு சாரின் கழுத்துக்கு நேராகத் தூக்கிவிட்டேன். ஒரு பெண் ஓர் ஆணின் கழுத்துக்கு நேராக அப்படி இரண்டு கையையும் தூக்கினால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். பையன்கள் பெஞ்சைத் தட்டிக் கெட்டி மேளம் கொட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ கிழித்த காகிதத்தை அட்சதையாகத் தூவினார்கள். கல்யாணமாகாத மனுஷன். முகம் செம்பருத்தியாகி இரண்டடி பின்னால் போனார்.

"கழுத்துல மணி கட்டிக்க நான் என்ன மாடா? எடுத்துட்டுப் போ!"

அவர் உதட்டை நன்றாகவே படித்தேன். அதற்குப் பிறகு கையில் கொடுத்தாலும் வாங்கவில்லை, மேசையில் வைத்தாலும் தள்ளிவிட்டார். இதில் பெரிய கொடுமை, அவர் உதட்டையும் எனக்குத் தரமாட்டார். பீரியட் முழுக்கப் போர்டைப் பார்த்துதான் பேசுவார். பாதியை எழுதுவார், பாதியைச் சொல்லுவார். எழுதாத பாதி கரும்பலகைக்கு மட்டும் கேட்கும். பத்து நாள் அப்படியே போயிற்று. என் நோட்டில் பாதிக் கணக்குகள். காலாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் ஆத்திரம்தான் அதிகம்.

பதினோராம் நாள் தறிக்கூடத்திலிருந்து ஒரு சுத்தியலும் ஆணியும் பையில் போட்டுக்கொண்டு போனேன். மணி அடிக்கும் முன்பே, போர்டைச் சுற்றியிருந்த மரச் சட்டத்தில், அவர் வாய் உயரத்தில் ஆணியை அறைந்து மைக் பெட்டியை மாட்டினேன். பீரியட் தொடங்கியதும் சுவிட்சைப் போடலாம் என்றிருந்தேன். அவர் வந்தார், பார்த்தார்.

"ஆரு அடிச்சது இதை?"

"நான்தானுங்க சார்."

"எதுக்கு?"

"போர்டுக்குங்க சார். நீங்க போர்டுகிட்டதானே பேசறீங்க. அதுக்கு மாட்டிட்டேன். அது கேட்டு எனக்குச் சொல்லும்."

எழுந்த சிரிப்பு இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. பெட்டியை ஆணியிலிருந்து உருவிக்கொண்டு, என்னை முன்னால் விட்டு நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். பள்ளிக்கூடச் சொத்தைச் சேதம் பண்ணினேன், வாத்தியாரைக் கேலி பண்ணினேன் என்று இரண்டு குற்றம். வீட்டுக்கு ஆள் போயிற்று.

அப்பா வரவில்லை. பெரியப்பா வந்தார், டி.சி.யோடுதான் திரும்புவது என்ற முகத்தோடு. அவருக்கு நாலடி பின்னால் அம்மாவும் வந்தாள், சேலையில் பஞ்சுத் தூசியோடு. புருஷனின் அண்ணன் எதிரில் பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் எங்களில் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா பெரியப்பாவிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவள் கதவோரமாகத் தலை குனிந்து நின்றாள்.

ஹெட்மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "இந்தப் பொட்டி நெஜமாவே வேலை செய்யுதா? இல்ல, இந்தப் பொண்ணு வாயைப் பாத்துச் சொல்லி ஏமாத்துதா?"

வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஏமாற்று வேலையாம்! பத்து வருஷம் நான் கண் எரிய எரியப் பார்த்துப் படித்த படிப்பு அது.

"பாத்துருவோமுங்க சார்" என்றேன்.

என்னை வெளியே அனுப்பினார்கள். மைதானத்துப் புளியமரத்தடியில், அறைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கணக்கு சார் உள்ளேயிருந்து ஒரு கணக்குச் சொல்வார். நான் திரும்பி வந்து விடை சொல்ல வேண்டும். மரத்தடியில் மாடு ஒன்று படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றேன். முதலில் ஒரு கனைப்பு வந்தது. பிறகு, முதல் தடவையாக, கணக்கு சாரின் குரல். நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

"பதினேழை இருபத்தி மூணால பெருக்கு."

விடை உடனே வந்துவிட்டது. ஆனால் இன்னும் என்ன வருகிறது என்று கேட்க, நான் திரும்பவில்லை. 'டக்' என்று பெட்டியை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. கணக்கு முடிந்ததும் பெட்டியும் வேலையை முடித்துக்கொண்டது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"கேட்டிருக்காதுங்க சார். நிக்கற நெலையப் பாருங்க" என்றார் கணக்கு சார்.

அடுத்தது பெரியப்பா. "நாலு தறி சும்மா நிக்குதுங்க. செவிட்டுப் புள்ளைக்குத் தறிதானுங்க லாயக்கு. சத்தம் அதைத் தொந்தரவு பண்ணாது பாருங்க. டி.சி.யக் குடுத்துருங்க, கூட்டிட்டுப் போறேன்."

பிறகு ஒரு பெண் பேசினாள். கரகரத்த, அடித்தொண்டைக் குரல்.

"அந்த நாலு தறியையும் நானே ஓட்டறனுங்க. எம்புள்ள தறிக்கு வரமாட்டா. அவ படிக்கோணும். டி.சி. கேக்கறதுக்கு இவரு ஆருங்க? பெத்தவ நான் இங்க நிக்கறேன்ல!"

யார் இந்தப் பெண், எந்த டீச்சர் உள்ளே வந்தார் என்று யோசித்தேன். அந்த அறையில் அம்மாவைத் தவிர வேறு பெண்ணே இல்லை என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. எனக்குப் பதினாறு வயது. என் அம்மாவின் குரலை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். இவ்வளவு முரட்டுக் குரலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"முன்னூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுங்க சார்" என்றேன். ஹெட்மாஸ்டர் கணக்கு சாரைப் பார்த்தார். நான் அதோடு நிறுத்தவில்லை. "'கேட்டிருக்காது'ன்னு சார் சொன்னாருங்க. கேட்டுச்சு. தறிச் சத்தம் என்னைத் தொந்தரவு பண்ணாதுதானுங்க பெரியப்பா. ஆனா நான் வரமாட்டேன். எங்கம்மா சொல்லிட்டாங்க."

மேசை மேல் கிடந்த பெட்டி, தலைக்கு மேல் ஓடிய ஃபேன் சத்தத்தை மட்டும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அம்மா தலையைக் குனியவில்லை. ஹெட்மாஸ்டர் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "டி.சி. இல்ல. வகுப்புக்குப் போற வழியைப் பாரு. ஆணி அங்கியே இருந்துட்டுப் போவுது" என்றார்.

மறுநாளிலிருந்து கணக்கு சார் வகுப்புக்குள் வந்ததும் கையை நீட்டுவார். பெட்டியைக் கொடுப்பேன். அவரே ஆணியில் மாட்டிவிட்டுப் போர்டைப் பார்த்துப் பேசுவார். சாக்பீஸ் கீச்சிடுவது பல்லைக் கூசவைக்கும், ஆனால் எழுதாத பாதியும் முழுசாக வந்து சேரும். இரண்டு வருஷமும் அவர் அதைக் கழுத்தில் மாட்டவில்லை. எனக்கும் அவர் கழுத்து தேவைப்படவில்லை. காலாண்டில் கணக்கில் தேறினேன். முதல் மார்க் எல்லாம் இல்லை, தேறினேன். என் திமிருக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா பேசிய அன்றைய சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் இது முடியாது. பெரியப்பா எங்களைத் திரும்பியும் பாராமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் முகத்தைத் திருப்பி, வழக்கம்போல் குரலில்லாமல் உதட்டை அசைத்தாள். பசிக்குதா என்று கேட்டாள்.

நான் நடுரோட்டில் நின்றேன். பையிலிருந்து பெட்டியை எடுத்து, கயிற்றை இரண்டு கையாலும் விரித்து அவள் கழுத்தில் மாட்டினேன். சிரிக்க அங்கே யாரும் இல்லை.

"இப்பப் பேசு. சத்தமா" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னத்தைச் சாமி பேசறது?" என்றது அந்தக் கரகரத்த குரல், என் காதுக்குள்.

"பெரியப்பாகிட்ட இத்தன வருசமாச் சொல்லாம வெச்சிருந்ததைச் சொல்லு."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அவரைத் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.