ஜாம் ஆன ஜீப்பும் பத்து நாள் விடுப்பும்

எங்கள் ஜீப்பின் இன்ஜின் சுற்றுமா, சுற்றாதா என்று பார்ப்பதற்காகத்தான் நான் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ‘வீடு கட்டும் வேலை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய் இல்லை.

மலைமேல், புதூர்நாட்டிலிருந்து உள்ளே தள்ளி, மேடும் பள்ளமுமான சரிவில் இருக்கிறது எங்கள் நிலம். அதில் வீடு கட்டத் தோதாக இருந்த சமதளம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் பலாமரத்தின் கீழ் ஏழு வருடமாக அப்பாவின் பெட்ரோல் ஜீப் நின்றுகொண்டிருந்தது. திருப்பத்தூரிலிருந்து செங்கல் லாரி ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. செங்கலை இறக்கிவிட்டு லாரி காலியாகத்தானே திரும்பும், ஜீப்பை அதிலேயே ஏற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள்.

நான் போனில் சண்டை போட்டேன். அப்பா கடைசியில் இறங்கி வந்தார்.

“இஞ்சின் சுத்துச்சின்னா வெச்சிக்கலாம். சுத்தலன்னா லாரில ஏத்திடுவேன். செத்த வண்டிய வாசல்ல வெச்சிக்கினு இன்னா பண்றது?”

“ஸ்டார்ட் ஆவணுமா, சுத்துனா போதுமா?”

“சுத்துனா போதும்.”

தொழிற்சாலையில் இன்ஜின் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இது பெரிய காரியமா என்று எனக்குள் ஒரு எண்ணம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அதற்குப் பிறகு மெக்கானிக்கல் டிப்ளமோவும் முடித்தேன். போனை வைக்கும்போதே ஜீப்பைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜீப் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா அதை ஏலத்தில் எடுத்து மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். புளி மூட்டை, பலாப்பழம், சாமை, பிள்ளைத்தாய்ச்சிகள், சந்தைக்குப் போகும் ஆடுகள் எல்லாம் அதில்தான் போகும். ஆறாம் வகுப்பில் என்னைக் கீழே விடுதியில் சேர்த்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து திரும்புவேன். முன் சீட்டுக்கு எப்போதும் போட்டி இருக்கும். ஒரு தடவை பேன்ட் சட்டை போட்ட அலுவலர் ஒருவர் வந்து, “பாப்பாவ பின்னாடி உக்கார வெய்யுங்க, நான் முன்னாடி வர்றேன்” என்றார். அப்பா அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: “தப்பா நெனச்சிக்காதீங்க சார். அது படிக்கிற புள்ள சீட்டு.” அந்த அலுவலர் புளி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தார். நான் முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டது. கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. ஜீப் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை வந்து இறங்கினேன். அன்றே வேலையைத் தொடங்கினேன். அப்பாவின் பிளக் ஸ்பேனரைத் தேடினால் எங்குமே இல்லை. புதூர்நாட்டில் ஷேர் ஜீப் ஓட்டும் அத்தை மகனிடம் போய் வாங்கி வந்தேன். இன்ஜின் தலையில் திருகியிருக்கும், தீப்பொறி தரும் நான்கு பிளக்கும் எளிதாகக் கழன்றன. மற்ற நட்டெல்லாம் துருவில் கல்லாகிக் கிடக்க, பிளக் மட்டும் நேற்று மாட்டியதைப் போல வந்தது. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். அடியில் இருந்த பழைய ஆயிலை வடித்தபோது அது அளவுக்கு மேல் இருந்தது. வெல்லப்பாகு மாதிரி நூலாக இறங்கியது. அதையும் யோசிக்கவில்லை. பழைய ஆயில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மழையில் நின்ற வண்டி. பிஸ்டன்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது என் முடிவு. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து, பிளக் இருந்த நான்கு ஓட்டையிலும் ஊற்றி ஊறவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஹேண்டிலைப் போட்டேன். வண்டியின் முன்பக்க ஓட்டையில் நுழைத்து இன்ஜினைக் கையால் சுற்றும் வளைந்த கம்பி அது. அதன்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். கம்பிதான் லேசாக வளைந்தது.

மறுபடி ஊற்றினேன். மறுபடி காத்திருந்தேன். புதன்கிழமை அத்தை மகன் வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா இன்ஜினீயரு, பொணத்துக்கு ஊசி போட்டுக்கினு இருக்க?”

“உயிர் இருக்குது மாமா.”

“இருக்குது இருக்குது. மூச்சு மட்டும்தான் வுடல.”

கியரில் போட்டு நான்கு பேர் தள்ளியும் பார்த்தோம். டயர் மண்ணில் உழுதுகொண்டு போனதே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. அப்பா இந்தப் பக்கமே திரும்பவில்லை. கட்டிலை மலையைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா தினமும் மூன்று தடவை வந்து, “இன்னா ஆச்சி?” என்று கேட்பாள். “ஒண்ணும் ஆவல” என்பேன். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், சொல்லாமல் போய்விடுவாள்.

லாரி வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஹேண்டிலைத் தரையில் வீசிவிட்டேன். அம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

“ஏழு வருஷம்! ஒருத்தருக்காவது மாசத்துக்கு ஒரு சொட்டு எண்ண வுடணும்னு தோணிச்சா? மழையில நிக்க வெச்சி துரு புடிக்க வெச்சிட்டு, இப்ப லாரில ஏத்தறாங்களாம்!”

முறம் நின்றது. அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தாள். உள்ளே ஒரு மருந்து பாட்டில், ஒரு கரண்டி, அப்பாவின் பிளக் ஸ்பேனர்.

“நான் வுட்டேன்” என்றாள்.

“இன்னாத்த?”

“எண்ண. அமாவாசைக்கு அமாவாசை. நாலு ஓட்டையிலயும் ஒவ்வொரு கரண்டி. மழக்காலத்துல வண்டி நிக்கறப்ப உங்கப்பா அப்படித்தான் ஊத்துவாரு, பாத்திருக்கேன். அவருக்கு கை தேறிச்சின்னா ஒடனே எடுக்கணும் இல்ல, அதான்.”

பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

“அம்மா, அவரு ஊத்துனது இஞ்சின் ஆயிலு!”

“எனக்கு இன்னாடி தெரியும்? வூட்ல இதான் இருந்திச்சி. பச்சப் புள்ளைக்கே குடுக்கறோம், வண்டிய இன்னா பண்ணிடப்போவுதுன்னு ஊத்தனேன்.” அவள் குரல் இறங்கியது. “நீ வந்த அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். நான்தான் கெடுத்துட்டேன்னு ஆயிடுமோன்னு பயமா இருந்திச்சி. இத ஒளிச்சி வெச்சிட்டேன்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எட்டு நாள் வீணாகப் போயிருந்தது. ஆனால் ஒரு நிமிடம் கழித்து, வீணாக்கியது யார் என்று எனக்கே தெரிந்துவிட்டது. எளிதாகக் கழன்ற பிளக்கைப் பார்த்தவள் நான். பாகாக இறங்கிய ஆயிலைப் பார்த்தவளும் நான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு டம்ளரில் கொஞ்சம் விளக்கெண்ணெய் ஊற்றி, அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றினேன். இரண்டும் கலக்காமல் தனித்தனியாக நின்றன. இதை எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். உள்ளே ஒட்டியிருந்தது துரு இல்லை. ஏழு வருட விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிஸ்டன்களைப் பிடித்துவைத்திருந்தது. அதன்மேல் எத்தனை நாள் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குள் மாடத்தில் பித்தளை விளக்கு தெரிந்தது. அதில் இதே எண்ணெய்தான்.

“அம்மா, விளக்குல பிசுக்கு புடிச்சா எப்படி எடுப்ப?”

“அடுப்புல சூடு காட்டி, புது எண்ண தடவி எடுப்பேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு ஜீப்பைப் பார்த்தாள். “அடியே, இவ்ளோ பெரிய விளக்கா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த எட்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

நெருப்பை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. ஆனால் இன்ஜினைச் சுற்றி உள்ளேயே தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது. குளிரவைப்பதற்காக வைத்த வழி, அன்றைக்குச் சூடாக்க உதவட்டும் என்று நினைத்தேன். ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸைக் கழற்றி, இன்ஜினுக்குள் நேராகத் தண்ணீர் போகும்படி செய்தேன். அடியில் தண்ணீர் வடியும் குழாய் துருச்சேற்றில் அடைத்திருந்தது. அம்மா ஒரு கம்பியால் குத்திக் குத்தித் திறந்தாள். ஊர்ப் பண்டிகைக்குப் பொங்கல் வைக்கும் அண்டாவை அத்தை மகன் தூக்கி வந்தார்.

“தண்ணி காயுதே, கல்யாணமா கருமாதியா?” என்றார்.

“நாளைக்கு லாரி வரட்டும் மாமா, சொல்றேன்.”

எடுத்ததும் கொதிநீரை ஊற்றினால் குளிர்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அதனால் முதலில் வெதுவெதுப்பாக ஊற்றச் சொன்னேன். அம்மா ஒவ்வொரு குடத்தையும் புறங்கையில் விட்டுப் பார்த்துதான் கொடுத்தாள். கைக்குழந்தைக்கு ஊற்றும் தண்ணீரை அவள் அப்படித்தான் பார்ப்பாள். வெதுவெதுப்பாக ஒரு முறை, சூடாக ஒரு முறை, பிறகு கொதிக்கக் கொதிக்க. கீழே வடிய வடிய மேலே ஊற்றிக்கொண்டே இருந்தோம். முதலில் செம்மண் நிறத்தில் வந்த தண்ணீர் பிறகு தெளிந்தது. நான்காவது முறை இரும்பில் கை வைக்க முடியவில்லை.

விளக்கெண்ணெயைச் சுடவைத்து, பிளக் ஓட்டைகளில் ஊற்ற அம்மாவிடமே கரண்டியைக் கொடுத்தேன். அவள் தயங்கினாள்.

“நானா?”

“நீதான் ஏழு வருஷமா ஊத்தற. இன்னைக்கி மட்டும் நான் எதுக்கு?”

நான்கு ஓட்டையிலும் ஒவ்வொரு கரண்டி ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அரைமணி நேரம் கழித்து ஹேண்டிலைப் போட்டேன். அசையவில்லை. இன்னொரு குடம் கொதிநீர் ஊற்றிவிட்டு மறுபடி முயன்றேன். என் கைகளுக்குப் பக்கத்தில் அம்மாவின் கைகளும் வந்து கம்பியைப் பிடித்தன. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். ஒரு விரல்கடை அளவு நகர்ந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. பின்னால் தள்ளினோம், முன்னால் இழுத்தோம். கெட்டிப்பாகில் சிக்கிய கரண்டியைப் போல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

“கட்ட வெரல மடக்கிப் புடிக்காத! ஹேண்டில் எதுத்து அடிச்சா எலும்பு போய்டும்!”

அப்பாவின் குரல். கட்டில் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. எப்போது திருப்பினார், ஒற்றைக் கையால் எப்படித் திருப்பினார், தெரியவில்லை.

கால் சுற்று. அரைச் சுற்று. அப்புறம் ஒரு முழுச் சுற்று. பிளக் ஓட்டைகளிலிருந்து பழுப்பு எண்ணெய் பீறிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை மகனின் வெள்ளைச் சட்டை முழுவதும் தெளித்தது. இன்னொரு சுற்றில் ஓட்டைகள் நான்கும் மாறி மாறிப் புஸ், புஸ் என்றன.

அவர் தன் சட்டையைப் பார்க்கவில்லை. “மூச்சு வுடுது” என்றார்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். துடைத்த எவர்சில்வர் டம்ளரின் உட்புறம் போல இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை துருவே இல்லை. ஏழு மழைக்காலம் வெளியே நின்ற வண்டி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீ ஊத்தாம இருந்திருந்தா உள்ள துரு தின்னுட்டிருக்கும். அப்ப எந்த சுடுதண்ணிக்கும் வந்திருக்காது.”

“அப்ப நான் கெடுக்கலயா?”

“ஒட்ட வெச்சிட்ட. ஆனா உள்ள கெட்டுப்போவ வுடல.”

“அதெல்லாம் வுடு. கெடுத்தனா, இல்லயா?”

“இல்லம்மா.”

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. எனக்கும் வாயில் வரவில்லை. அவள் கை இரண்டிலும் கரி அப்பியிருந்தது. சோப்புத்தூளைப் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். “வுடுடி, நானே கழுவிக்கிறேன்” என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்னை ஏற்றிப்போன வண்டியை, நான் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் எல்லாம், ஒரு அமாவாசை தவறாமல் இந்தக் கைதான் பார்த்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் ஜீப்பைத் தள்ளி அத்தையின் நில ஓரத்தில் நிறுத்தினோம். திங்கட்கிழமை செங்கல் லாரி வந்தது. இறக்கி முடித்ததும் டிரைவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, ஒரு ஸ்கிராப் வண்டி ஏத்தணும்னு சொன்னாங்களே, எங்க?”

“ஸ்கிராப் எல்லாம் ஒண்ணும் இல்லப்பா” என்றார் அப்பா. “வண்டி ரிப்பேர்ல இருக்குது.”

ரிப்பேர் இன்னும் முடியவில்லை. வயர்கள், டயர், பிரேக் என்று ஒவ்வொரு விடுப்புக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இன்ஜின் ஆயில் ஒரு டப்பா வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து, “நாளைக்கு அமாவாசை, ஊத்தவா?” என்று கேட்பாள். “ஊத்திட்டு ஹேண்டில ரெண்டு சுத்து சுத்திடு” என்பேன். போன அமாவாசைக்கு அவள் சுற்றவில்லையாம். எழுந்து போய் வலது கையால் அப்பாவே சுற்றினாராம், கட்டை விரலை மடக்காமல்.