வத்ஸலாவின் பெயரில் ஒரு சிறுமி

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் பாச்சாவின் ஒரே மகள் லக்ஷணா. பத்து வயதில் அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக் குழாயடியே கதி என்று நின்றாள். வீட்டில் சொம்பு சொம்பாகக் குடித்தாள். பாவாடை நாடாவை நாளுக்கு நாள் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் நின்றவள் அப்படியே சரிந்து விழ, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சிறுவயதில் வரும் சர்க்கரை நோய் என்றார் டாக்டர். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனி ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் ஊசி. பாச்சா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி வத்ஸலாதான் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மகளிடம் சொல்லிவிட்டாள்:

"யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. பொண் கொழந்தை. நாளைக்கு வரன்னு ஒண்ணு வந்தா, இதைத்தான் மொதல்ல கேப்பா."

அப்படித்தான் மறைத்தார்கள். இன்சுலின் குப்பி குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்கு அடியில் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் லக்ஷணா பின்கட்டில் ஊசி போட்டுக்கொண்டாள். ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்றாள். சர்க்கரைப் பொங்கலை நீட்டினால் பல்வலி என்றாள். சென்னை டாக்டரைச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. அவர் காகிதத்தைப் பார்ப்பார், அளவைச் சொல்வார், அடுத்தவரைக் கூப்பிடுவார். ஊசி போட்ட இடம் ஏன் கட்டிப்போகிறது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, கல்லூரிக்குப் போகலாமா, இந்த வியாதியோடு வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் அவளுக்குள் கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. கேட்க ஆள் இல்லை.

2003 மே மாதம். மாமா மகனின் பரீட்சை முடிவைப் பார்த்து வரச் சொல்லி அவளைத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினார்கள். தாமலிலிருந்து வந்து கடை போட்டிருந்த கலைவாணன் அதை நடத்தினார். மாமா மகனின் மார்க்கைப் பார்த்த கையோடு, லக்ஷணா தன் வியாதியின் பெயரைத் தட்டினாள். ஒரு குழு வந்தது. சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குழு. முப்பது வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிற மனிதர் ஒருவர், அன்று மலையேறிவிட்டு வந்ததை எழுதியிருந்தார். அவர் பெயர் சாமுவேல். தூத்துக்குடியில் துறைமுகத்து குமாஸ்தா.

முப்பது வருஷம்! அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சேரப் போனால், பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு மட்டும் என்றது குழு. லக்ஷணாவுக்குப் பன்னிரண்டு. பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டாள். பிறந்த வருஷம் என்ற இடத்தில் அம்மாவினுடையதை. வியாதி மட்டும் அவளுடையது.

ஒரு வருஷம் அந்தக் குழுவில் அவள் வத்ஸலா மேடமாக இருந்தாள். பள்ளி முடிந்ததும் கடைக்குப் போவாள். "இன்னா பாப்பா, ப்ராஜக்ட்டா?" என்பார் கலைவாணன். "ஆமாண்ணா" என்பாள். ஊசியை ஒரே இடத்தில் போடாதே, மாற்றி மாற்றிப் போடு என்று குழுவில் சொன்னார்கள். கட்டிகள் கரைந்தன. கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும், அது பையில் இருந்தால் போதாது, உடம்போடு இருக்க வேண்டும் என்று சாமுவேல் எழுதினார். அன்றிலிருந்து கற்கண்டுப் பொட்டலம் ஒன்று அவள் இடுப்பில் ஏறியது. கணவன் மனைவி விஷயங்களைப் பெரியவர்கள் பேசும் பக்கங்களும் அங்கே இருந்தன. முதலில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தாள், பிறகு தாண்டிப் போகக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வைகாசியில் கருட சேவை வந்தது. அன்றைக்காவது ஒரு தொன்னைப் பொங்கல் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. குழுவில் கேட்டாள். ஒருவர், நான் கூடுதலாக இத்தனை யூனிட் போட்டுக்கொண்டு விருந்தே சாப்பிடுவேன் என்று எழுதினார். எண்பது கிலோ எடையுள்ள மனிதர். கேட்டது முப்பது கிலோ பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன அளவை விடியற்காலையில் போட்டுக்கொண்டு லக்ஷணா அம்மாவோடு கோபுர வாசலுக்குப் போனாள்.

பெருமாள் கருடன்மேல் வெளியே வந்த அந்த நேரத்தில் கூட்டம் கடல்போல் மேலே விழுந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பொங்கல் எங்கோ இருந்தது. ஊசி மட்டும் உள்ளே போய் வேலை செய்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அவள் கைகள் நடுங்கின. குடைகளும் தீப்பந்தங்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவள் அங்கேயே மதிலோரம் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக் கற்கண்டைக் கடகடவென்று கடித்து விழுங்கினாள்.

"ஏண்டி! சர்க்கரையா திங்கறே? பைத்தியமா உனக்கு?" வத்ஸலா பொட்டலத்தைப் பிடுங்கப் போனாள்.

"பிடுங்காதேம்மா. இதைத் தின்னாட்டா நான் செத்துப்போவேன்."

நடுக்கம் நின்று, முகத்தில் ரத்தம் திரும்பியதும் வத்ஸலா கேட்ட முதல் கேள்வி: "இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

வீட்டுக்குப் போய் லக்ஷணா எல்லாவற்றையும் சொன்னாள். கூடுதல் ஊசியையும் சொன்னாள். தன் பெயர் ஒரு வருஷமாக நோயாளியாக உலகம் சுற்றி வந்திருக்கிறது என்று கேட்டு வத்ஸலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாச்சா கொதித்தார்.

"முகம் தெரியாதவா சொன்னான்னு மருந்தைக் கூட்டிப் போட்டுண்டிருக்கே. உயிர் போயிருந்தா? இனி அந்தக் கடைப் படி மிதிக்கப்படாது."

லக்ஷணா அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"நான் பெரியவள்னு நெனச்சுண்டு சொன்னாப்பா. கொழந்தைன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டா. தப்பு நான் பொய் சொன்னதுல. அங்கே போனதுல இல்லை. இந்த ஊர்ல என்னை மாதிரி ஊசி போட்டுக்கறவா ஒருத்தரைக் காட்டுங்கோ. அவாகிட்டயே கேட்டுக்கறேன், கடைக்குப் போகலை."

பாச்சா காட்டவில்லை. காட்ட அவருக்கும் யாரையும் தெரியாது.

மறுநாள் அப்பா கோயிலுக்குப் போனதும் அவள் நேராகக் கடைக்குப் போனாள். குழுவுக்கு எழுதினாள். என் பெயர் வத்ஸலா இல்லை. லக்ஷணா. வயது பதின்மூன்று. வயதைச் சொல்லாததால் நேற்று எனக்கு ஆபத்து வந்தது, நீங்கள் கற்றுக்கொடுத்ததால் பிழைத்தேன். இனி உண்மையான வயதோடு இங்கே இருக்க விடுங்கள்.

குழுவை நடத்தியவர் வசிஷ்ட். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாலைக்குள் பதில் போட்டார். விதி விதிதான், குழந்தையின் பாதுகாப்புக்காகவே நீக்குகிறோம், பெற்றோரிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளவும். அதோடு கதவு சாத்தப்பட்டது.

அவளுடைய மின்னஞ்சல் பெட்டியில் இன்னொரு கடிதமும் காத்திருந்தது. குழுவில் எல்லோரிடமும் இனிமையாகப் பேசும் ஒருவர், 'நீலநிலா' என்ற புனைபெயரில் எழுதுகிறவர், தனியாக அனுப்பியிருந்தார். அவர்களை விடு, உனக்கு நான் இருக்கிறேன், எல்லாம் சொல்லித் தருகிறேன். ஒரு போட்டோ அனுப்பு. இது நமக்குள் இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லாதே.

லக்ஷணாவுக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. ஏனென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சைக் கேட்டு மறைத்து மறைத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. காகிதத்தில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசி களைந்துகொண்டிருந்த வத்ஸலாவிடம் நீட்டினாள்.

வத்ஸலா பி.ஏ. படித்தவள். ஈரக் கையோடு படித்தாள். மறுபடி படித்தாள். அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வா. அந்தக் கடை எங்கே இருக்கு, காட்டு."

"அப்பா..."

"அப்பா வரட்டும். நான் சொல்லிக்கறேன்."

கலைவாணன் பதறி எழுந்தார். "இன்னா மாமி, நீங்களே வந்துக்கினு... பாப்பா தப்புத்தண்டா எதுவும் பாக்கலை மாமி, சத்தியமா."

"தெரியும். எனக்கு அந்தக் குழுவுல சேரணும். என் பேர்ல."

லக்ஷணா புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்துக் கொடுத்தாள். பெயர் வத்ஸலா. வயது முப்பத்தெட்டு. ஊர் காஞ்சிபுரம். இந்த முறை எழுதிய எல்லாமே உண்மை, வசிஷ்டால் தடுக்க முடியவில்லை. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல மகள் இங்கிலீஷில் தட்டினாள்.

"எழுது. நான் வத்ஸலா. இந்தப் பேரும் வயசும் என்னோடது. ஒரு வருஷமா இதை வெச்சுண்டு உங்களோட பேசினது என் பொண். பொய் சொன்னது தப்புதான். வியாதியை மறைன்னு சொல்லி அவளை வளர்த்தது நான். அதனால அந்தப் பொய்யில பாதி என்னோடது.

"எழுது. அவளை வெளியே அனுப்பிட்டேள், பாதுகாப்புன்னேள். அனுப்பின அன்னிக்கே உங்கள்ல ஒருத்தர் அவளுக்கு எழுதின கடிதாசைக் கீழே போட்டிருக்கேன். எல்லாரும் படியுங்கோ. கேள்வி கேட்ட கொழந்தை வெளியே நிக்கறா. இதை எழுதினவர் உள்ளே உக்காந்திருக்கார். இதுக்குப் பேரா பாதுகாப்பு? நாலு பேர் பார்க்க நீங்க அவளோட பேசின வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகலை. கதவைச் சாத்தினதும்தான் இந்த ஆள் சந்துல வந்து நிக்கறார். என் பொண் எங்கேயும் ஓடப்போறதில்லை. ஓடவேண்டியவர் அவர்."

லக்ஷணாவின் விரல்கள் நின்றன. "அம்மா, ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும். நம்ம பேரு, வியாதி எல்லாம்."

"தெரியட்டும். அனுப்பு."

அன்று இரவு பாச்சாவுக்கும் வத்ஸலாவுக்கும் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. "மானம் போச்சு" என்றார் அவர். "போகட்டும், பொண் இருக்கா" என்றாள் அவள். அந்த ஒரு பதிலையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். பல நாள் பேசாமலே இருந்தார். ஆனால் கடைக்குப் போகாதே என்று மறுபடி சொல்லவில்லை.

குழுவில் பெரிய ரகளை. நீலநிலாவை வசிஷ்ட் அன்றே நீக்கினார். வேறு இரண்டு பெண்கள், தங்களுக்கும் அந்த ஆள் அப்படி எழுதியதுண்டு, சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டோம் என்று எழுதினார்கள். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சாமுவேல் லக்ஷணாவைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் போராடினார். வசிஷ்ட் மசியவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பெரியவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா, நாளைக்கு இன்னொருவர் சொன்ன அளவைப் போட்டுக்கொண்டு இன்னொரு குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

லக்ஷணா அந்தக் குழுவுக்குத் திரும்பவே இல்லை. சாமுவேலும் வத்ஸலாவும் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து வேறொன்று தொடங்கினார்கள். அதில் குழந்தைகள் சொந்தப் பெயரிலும் சொந்த வயதிலும் வரலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூடவே சேர வேண்டும். மருந்தின் அளவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. பெரியவர்கள் குழந்தைக்குத் தனியாக எழுதக் கூடாது, எழுதினால் அது எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும். இந்தக் கடைசி விதியை வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுத வைத்தவள் லக்ஷணாதான்.

பள்ளியிலும் அவள் மறைப்பதை நிறுத்தினாள். ஒன்பதாம் வகுப்பில் மைசூர் சுற்றுலாவுக்கு அவளைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். வழியில் ஏதாவது ஆனால்? லக்ஷணா தலைமையாசிரியை அறையில் நின்று, என்னென்ன ஆகலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். "இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவர். "நெட்ல எனக்கு நெறைய சிநேகிதா இருக்கா மிஸ். எல்லாரும் உங்க வயசு." தலைமையாசிரியைக்கு அந்தப் பதில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வத்ஸலா வந்து இரண்டு நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகே அனுமதி கிடைத்தது.

சொந்தத்தில் சிலர் ஒதுங்கினார்கள். கல்யாணவீடுகளில் குசுகுசுப்பு இருந்தது. "ஆமாம், ஊசி போட்டுக்கறா. உங்காத்துல யாருக்காவது இருந்தா அவளைக் கேளுங்கோ" என்று வத்ஸலா பந்தியில் உரக்கவே சொன்னாள். இரண்டு பேர் பிறகு ரகசியமாக வந்து கேட்கவும் செய்தார்கள்.

2009இல் லக்ஷணா சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். குழுவில் குழந்தைகள் பக்கத்தை இப்போது அவளே கவனித்துக்கொண்டாள். ஒரு நாள் மாகறலிலிருந்து வேலாயுதம் என்ற விவசாயி போனில் கூப்பிட்டார். மகளுக்குப் பதினோரு வயது, புதிதாக வியாதி.

"டாக்டரு உங்க நம்பர் குட்த்தாரு. தப்பா நெனைக்காதம்மா. பெரியவங்க பேசிக்கினு இருக்கற எடத்துல சின்னப் பொண்ண வுட்டா நல்லாவா இருக்குது? பேப்பர்ல இன்னா இன்னாமோ போடறானே."

"போடறது நிஜம்தாங்க. எனக்கே நடந்திருக்கு" என்றாள் லக்ஷணா. "அதனாலதான் சொல்றேன், அவளைத் தனியா விடாதீங்க. நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க. ஆனா கேள்வியை அவளே கேக்கட்டும். நீங்க கேட்டா உங்க பயத்தைத்தான் கேப்பீங்க."

"எனக்கு இங்கிலீஸ் வராதே" என்றார்.

"தமிழ்லயே எழுதலாம். சாமுவேல் சார் தமிழ்லதான் எழுதறார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளுமாகச் சேர்ந்தார்கள். பெயர் பொன்னி, வயது பதினொன்று என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். எல்லோரும் ஊசியைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருக்க, அவள் கேட்டது இதைத்தான்:

"இங்க யாருனா கிரிக்கெட் ஆடுவீங்களா? பவுலிங் போட ஆள் தேடிக்கினு இருக்கேன்."