கமலவல்லி கேட்ட பஞ்சாயத்து

கமலவல்லியின் புருஷன் வரதன் ஆவடியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவது திருவள்ளூரில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். உற்சவத்துக்கு வந்தால் முதல் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்குவான். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கமலவல்லி யாரோடாவது சிரித்துப் பேசிவிட்டால் மட்டும் வாசலுக்கு வாசல் முணுமுணுப்பு. நல்ல தெரு!

வயிற்றுப்பாட்டுக்காக 1971-ல் செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அங்கே கூட்டிப் பெருக்கும் சின்னப்பொண்ணுக்கும் புருஷன் ஓடிப்போனவன்தான். ஆனால் அவள் காலனி சும்மா விடவில்லை. பெரியவர் பச்சையப்பன் பஞ்சாயத்தைக் கூட்டினார். அவனை இழுத்து வந்து, எல்லார் முன்னிலையிலும் துரும்பைக் கிள்ளிப் போடவைத்து, உறவை அறுத்துவிட்டார். தை மாதம் சின்னப்பொண்ணு ராஜமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கதம்பத்தோடு வேலைக்கு வந்தாள்.

கமலவல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தப் பூவைக் கண்டாலே ஆகவில்லை. சரியாகக் கூட்டவில்லை என்று மேனேஜரிடம் கோள்கூடச் சொன்னாள். ராஜமாணிக்கம் சைக்கிளோடு வந்து காத்திருக்கும் சாயங்காலங்களில், ஸ்டேஷனுக்குச் சுற்றுவழியில் போனாள்.

ஒரு நாள் தாங்கமுடியாமல், சின்னப்பொண்ணையே வழி காட்டச் சொல்லி, பச்சையப்பன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள்.

"எனக்கும் அறுத்து விடுங்கோ."

பச்சையப்பன் பதறி எழுந்தார். "இன்னாம்மா இது! எங்க பஞ்சாயத்து ஒங்க ஆளுங்களுக்குச் செல்லுமா? கோர்ட்டுக்குப் போம்மா."

"கோர்ட்டு சொன்னா எங்க தெரு ஒத்துக்குமா?"

"நாங்க சொன்னா மட்டும்? ஒங்க பக்கம் நாலு பேரு வந்து நிக்கணும்மா. யார்னா வருவாங்களா?"

கமலவல்லி யோசித்தாள். அண்ணன் வீரராகவன் வரமாட்டான். பெற்ற அம்மாவே வரமாட்டாள். சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினாள்.

"உன்மேல எனக்குப் பொறாமைடி. புருஷன் கிடக்கட்டும். உனக்காகச் சண்டை போட ஊரே வந்துதே, அதை நினைச்சாத்தான் ஆறமாட்டேங்கறது."

சின்னப்பொண்ணு சிரித்துவிட்டாள். "நீ வேறம்மா! நாளைக்கு நான் தப்பு பண்ணா என்னையுந்தான் இழுத்தாந்து நடுவுல நிறுத்துவாங்கோ. அந்தப் பேஜாரு ஒனுக்குத் தெரியாது."

"நிறுத்தட்டுமே! என்னடி ஆச்சுன்னு உன்னை ஒரு வார்த்தை கேப்பாளோல்லியோ? என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை."